உயிரணுவின் புடைபெயர்ச்சி

வினைச்சொல் என்றால் என்ன என்று எங்கள் இலக்கண வகுப்பில் கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்: புடைபெயர்ச்சி. ஒரு பொருள் தான் இருந்த பக்கத்தைவிட்டு அசைவது. பெயர்ச்சொல் நிற்கும், வினைச்சொல் பெயரும். முதுகலை முதலாண்டில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது இரண்டாம் ஆண்டில், தேனியில் ஒரு மருத்துவமனையின் மாடி அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்த மருத்துவர் என் கழுத்தைப் பார்த்தபடி சொன்னார்: "இருந்த எடத்துலயே இருக்கா, நகர்ந்துருச்சாங்கிறதுதாம்மா கேள்வி."

என் தைராய்டு சுரப்பியில் இருந்த ஒரு கட்டியைப் பற்றிய கேள்வி அது. அதற்கு முழுமையான விடை கிடைக்க ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஆயின. இப்போது நான் காத்திருந்த பச்சை நாற்காலி வரிசையில் வேறு யாரோ டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியவற்றை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கட்டியை முதலில் பார்த்தவள் என் தோழி. கருத்தரங்கில் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தபோது நடுவில் தண்ணீர் குடித்தேன். இறங்கி வந்ததும், "கட்டுரை நல்லா இருந்துச்சு. ஆனா உன் தொண்டையில என்னமோ ஏறி எறங்குது" என்றாள். அன்று மாலை கண்ணாடி முன் டம்ளரோடு நின்று பார்த்தேன். ஒவ்வொரு மடக்குக்கும், குரல்வளைக்குக் கீழே இடப்பக்கம், ஒரு நெல்லிக்காய் அளவு மேடு மேலே போய்த் திரும்பி வந்தது. விழுங்கும்போது ஏறி இறங்கினால் கட்டி தைராய்டில் இருக்கிறது என்று பொருள். அது நோய் நகர்வதன் அடையாளம் ஆகாது. ஆனால் எனக்கு அன்று அது தெரியாது. என் உடம்பில் எனக்குச் சம்பந்தமில்லாத ஒன்று தானாக அசைவதாகவே தோன்றியது.

"நெறி கட்டியிருக்கும்" என்றார் அப்பா. "தலைக்குத் தண்ணி ஊத்துனது சேரல." அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டாள். மூன்று வாரம் கழித்தும் நெல்லிக்காய் நெல்லிக்காயாகவே இருந்தது.

எங்கள் ஊர் பண்ணைப்புரத்துக்கு அருகே. அப்பாவுக்குத் திராட்சைப் பந்தல் இருக்கிறது. வருடம் முழுவதும் அண்ணாந்து பார்த்தே வேலை செய்கிறவர். அல்லிநகரத்தில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் என்னையும் அம்மாவையும் விட்டுவிட்டு, உட்காரப் பிடிக்காமல் வாசலிலேயே நின்றார். எங்கள் பக்கத்தில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் இருந்தார். வயிற்றுவலி. வரிசையில் இருந்த எல்லாருடைய நோயையும் அதற்குள் விசாரித்து முடித்திருந்தார்.

"உனக்கு எங்கன ஆத்தா?"

கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"கழுத்துலயா? செயின் போடுற வயசுல ஜெல்லு தடவப் போறாகளா ஒனக்கு?"

"செயினும் போடுவோம், ஜெல்லும் தடவுவோம். ஒங்களுக்கு என்ன?" என்றாள் அம்மா. அந்த அம்மாள் கோபப்படவில்லை. பையிலிருந்து இரண்டு ஏலக்காயை எடுத்து, ஒன்றை என்னிடமும் ஒன்றை அம்மாவிடமும் கொடுத்தார். "வாயில ஒதுக்கிக்க. பயத்துல நாக்கு வறளாது." உண்மையிலேயே வறளவில்லை.

உள்ளே இருட்டும் குளிரும். கழுத்தில் ஊற்றிய ஜெல் குளத்துப் பாசியைப் போலச் சில்லிட்டது. திரையில் என் உட்புறம் மேகமூட்டமாகத் தெரிந்தது. அந்த மேகத்தில் கரிய தீவு ஒன்று. தீவுக்குள் மணல் தூவியதைப் போல வெண்புள்ளிகள். பேசிக்கொண்டே ஸ்கேன் செய்தவர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார். மருத்துவமனையில் அஞ்ச வேண்டியது சொற்களுக்கு அன்று, பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று மௌனமாகும் அந்த நொடிக்கு என்று அங்கேதான் கற்றேன். கட்டியின் ஓரம் சீராக இல்லை, ஊசிச் சோதனை தேவை என்று அறிக்கை வந்தது. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில உயிரணுக்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வேறொன்றும் இல்லை.

அப்பா மறுத்துவிட்டார்.

"ஊசி குத்த வேணாம். கத்தியும் வைக்க வேணாம். வச்சா கலைஞ்சு ஒடம்பு பூரா போயிரும்." இதைச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அப்பா கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, தன் கை அறிந்ததைச் சொன்னார். திராட்சைக் கொடியை அறுவடைக்குப் பின் வெட்டிவிடுவதற்கு எங்கள் பக்கம் கவாத்து என்று பெயர். கவாத்துப் பண்ணிய பிறகு மொட்டைக் கொடி கண்ணுக்குக் கண் துளிர்க்கும். வெட்டு என்பது அவர் தொழிலில் கொடியை எழுப்பும் வழி. "வெட்டுனா துளுக்கும் ஆத்தா. அதுகூடப் பரவால்ல. வெட்டிப்போட்ட குச்சி ஈரத்துல விழுந்தா, விழுந்த எடத்துல வேர் விடும். புதுக்கொடியே நாங்க அப்படித்தான் உண்டாக்குறோம். ஒங்கழுத்த வெட்டுனா ஒரு துணுக்கு எங்கன போயி விழும்னு எவனுக்குத் தெரியும்?"

இலக்கியம் படிக்கிறவள், ஓர் உவமை தவறு என்று நிறுவ, உவமிக்கப்படும் பொருளையும் அறிந்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் கொடி தெரியும். எனக்கு உயிரணு தெரியாது. இப்படியே ஐந்து வாரங்கள் போயின. கையெழுத்துப் போடும் வயது எனக்கு ஆகிவிட்டதுதான். ஆனால் அவருடைய அச்சத்தைத் தாண்டிப் போய்ப் படுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் கல்லூரி மதிய இடைவேளையில் தனியாகத் தேனி மருத்துவமனைக்குப் போனேன். ஊசிச் சோதனை செய்கிற மருத்துவர் ஓர் இளம்பெண், போடிக்காரர். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் கொடியையும் குச்சியையும் அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "உங்க அப்பா தப்பா கேக்கல. உக்காருங்க" என்று சொல்லி, கைபேசியில் ஒரு படத்தை ஓடவிட்டார்.

"இது ஒரே ஒரு செல். மணிக்கணக்கா எடுத்ததை அரை நிமிஷமா ஓட்டுறாங்க."

சாம்பல் நிற வெளியில், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஓர் உருவம். அதன் முன்னோரம் விசிறியாக விரிந்து, காற்றில் படபடக்கும் முந்தானையைப் போல அலைந்தது. அந்த முந்தானை முன்னே படர்ந்தது, தரையைத் தொட்டுப் பார்த்தது, ஓரிடத்தைப் பற்றியது. பிறகு உடல் மெல்ல முன்னே வழிந்தது. வால் பின்தங்கி இழுபட்டு, பிடி விடாமல் நீண்டு, கடைசியில் சட்டென்று விட்டு உள்ளே சுருங்கியது. மீண்டும் முந்தானை. அழகாக இருந்தது என்று சொல்லக் கூசுகிறேன். ஆனாலும் அழகாக இருந்தது.

மருத்துவர் சோற்றுக்கையை மடக்கிக்கொண்டு இடக்கையால் விளக்கினார். உயிரணுவுக்குள் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் உண்டு. மணி கோப்பது போல முன்புறத்தில் இழையின் நுனியில் மணிமணியாகச் சேரும். அந்த நீட்சி மேலுறையை முன்னே தள்ளும். பின்புறத்தில் மணிகள் கழன்று, மறுபடி கோக்கப்பட முன்னே வரும். பின்னால் உள்ள கல்லைப் பெயர்த்து முன்னால் போட்டு, அதன்மேல் நடப்பதைப் போன்ற நடை. தரையைப் பற்றிக்கொள்ள வேறு புரதங்கள். பின்புறத்தை இழுத்துச் சுருக்க, நம் தசையில் இருக்கும் அதே மயோசின்.

"இந்த நடையைக் கேன்சர் கண்டுபிடிக்கல" என்றார். "கருவுல இருக்கும்போது நம்ம செல்லு எத்தனையோ இப்படி நடந்துதான் அதது எடத்துக்கு வந்துச்சு. கைல வெட்டுப்பட்டா ஓரத்துத் தோல் செல்லு நடந்து வந்துதான் காயத்தை மூடுது. மத்தபடி பக்கத்து செல்லு கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அந்தக் கைக்கும் ஒரு புரதம் இருக்கு. கேன்சர் செல்லு சிலது அந்தக் கையை விட்டுருது. சுத்தி இருக்கிற நார்வேலியைக் கரைக்கிற என்சைமைக் கக்குது. பழைய நடை ஞாபகம் வந்துருது. அவ்வளவுதான்."

"ஊசி குத்தினால் கலையாதா?"

"இந்த மெல்லிசு ஊசியில அது ரொம்ப ரொம்ப அபூர்வம். இல்லவே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது போறதுக்கு ஊசி வேணாம்மா. அதுக்குக் காலு இருக்கு. நாம தொடலைங்கிறதுக்காக அது சும்மா உக்காந்திருக்காது. இன்னொன்னையும் அப்பாகிட்ட சொல்லுங்க. கிளம்பிப் போற செல்லுல பெரும்பாலானது வழியிலேயே செத்துப்போயிரும். ரத்தத்துல அடிபட்டு, புது எடம் ஒத்துக்காம."

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. கம்பம் சாலையின் இருபுறமும் நெல்லும் தென்னையும் பின்னே ஓடின. மேற்கே மலை மட்டும் ஓடாமல் கூடவே வந்தது. கண்ணை மூடினால் அந்த முந்தானை அலைந்தது. என்னை எதிர்க்கும் ஒன்றாக அதை என்னால் நினைக்க முடியவில்லை. கருவில் கற்ற நடையை நேரங்கெட்ட நேரத்தில் நினைத்துக்கொண்டுவிட்ட என்னுடைய ஒரு துளி அது. பெயராக இருக்க வேண்டியது வினையாகிவிட்டது.

இறங்கி நேராகப் பந்தலுக்குப் போனேன். கவாத்து நடந்துகொண்டிருந்தது. இலை உதிர்ந்த பந்தலின் கீழே கோடு கோடாக வெயில். அப்பா அண்ணாந்து வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா வெட்டிய குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வெட்டிப்போட்ட குச்சியெல்லாம் எங்கன போகும்?"

"என்னத்தா திடீர்னு? வரப்புல கெடக்கும். காஞ்சா அடுப்புக்குப் போகும்."

"அதுல தானா வேர் விட்டது எத்தனை இருக்கும்? இத்தனை வருசத்துல?"

அவர் யோசித்தார். தொழில் பற்றிய கேள்விக்கு அப்பா ஒருபோதும் உத்தேசமாகப் பதில் சொல்லமாட்டார். "நாம நட்டதை விட்டுட்டா, மூணோ நாலோ. வாய்க்கா ஓரத்துல விழுந்தது."

"அந்த மூணு நாலுக்குப் பயந்து ஒரு வருசமாச்சும் கவாத்துப் பண்ணாம விட்டிருக்கீகளா?"

கத்தரி நின்றது.

"பண்ணாம விட்டா கொடி என்ன செய்யும்?"

"என்ன செய்யும்? காடா அடையும். பக்கத்துப் பந்தல்ல ஏறும்."

"வெட்டாமலேயேவா?"

"வெட்டாமலேதான்" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதைப் போல என்னைப் பார்த்தார். நான் அவரோடு இவ்வளவு நேரம் வழக்காடியது அதற்கு முன் கிடையாது. புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"இவள வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்" என்றாள் அம்மா, குச்சிக்கட்டின் மேல் முழங்காலை ஊன்றி இறுக்கிக்கொண்டே.

அப்பா ஒரு வரிசையை முழுதாக வெட்டி முடித்தார். பிறகு கத்தரியைத் துடைத்து இடுப்பில் செருகினார். "நாளைக்கே போவம் ஆத்தா."

ஊசி எறும்புக் கடியை விடக் கொஞ்சம் கூடுதலாக வலித்தது. நான்கு நாட்களில் பெயர் வந்தது: பாப்பில்லரி புற்றுநோய். விரல் போன்ற சிறு முளைகளாக வளர்வதால் அப்படிப் பெயர். தைராய்டில் வரக்கூடியவற்றுள் மெதுவானது, பெரும்பாலும் குணமாகக்கூடியது என்றார்கள். அம்மா 'புற்றுநோய்' என்பதை மட்டும் கேட்டாள். நான் 'பெரும்பாலும்' என்பதை மட்டும் கேட்டேன். அப்பா அறுவை மருத்துவரிடம் கேட்டார்: "எத்தன கண்ணு விட்டு வெட்டுவீக?"

மருத்துவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன்: கொடியை வெட்டும்போது துளிர்ப்பதற்காகச் சில கணுக்களை விட்டு வெட்டுவார்கள்; அதைக் கேட்கிறார். மருத்துவர் எழுந்து வந்து அப்பாவின் தோளைத் தொட்டார். "ஒரு கண்ணு கூட விடுறதா இல்லைங்கய்யா. சுரப்பியை முழுசா எடுத்துருவோம். பக்கத்துல சந்தேகப்படுற நெறியையும் சேர்த்து."

நெறி என்று எங்கள் ஊரில் சொல்வது நிணநீர்க் கணுக்களை. நிணநீர் என்பது திசுக்களுக்கு இடையே ஊறும் தெளிந்த நீர். அதைக் கொண்டுசெல்லும் வாய்க்கால்களின் மடைகளைப் போன்றவை இந்தக் கணுக்கள். நகரும் உயிரணு முதலில் தங்கும் இடம் பெரும்பாலும் அதுதான். மடை என்று சொன்னதும் அப்பா புரிந்துகொண்டார்.

குரல்வளைக்குப் போகும் நரம்பு சுரப்பியை ஒட்டி ஓடுகிறது. அது தப்ப வேண்டும் என்பது இன்னொரு கவலை. அறுவைக் கூடத்தின் கூரையில் வட்ட விளக்குகள் பூத்திருந்தன. மயக்க மருத்துவர் ஏதோ எண்ணச் சொன்னார். நான் எண்ணுவதற்குப் பதிலாக வேற்றுமை உருபுகளை வரிசையாகச் சொன்னதாகப் பின்னர் கூறினார்கள். ஐ, ஆல், கு என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. பிறகு வைகை அணையின் நீர்ப்பரப்பைப் போல அகலமான, வெளுத்த ஓரிடம். அங்கே எதற்கும் பெயர் இல்லை.

"மோளே, கண்ணு தொறக்கு. பேடிக்கண்டா."

குமுளிப் பக்கத்திலிருந்து வந்த செவிலியர். பயப்படாதே என்று மலையாளத்திலும் தமிழிலும் சொன்னார். "ஒரு வார்த்த பேசு பார்க்கட்டும்."

குரல் தப்பியிருந்தால் முதலில் என்ன சொல்வதென்று முந்தின நாளே ஒரு வரி தேர்ந்து வைத்திருந்தேன். வந்தது, "தண்ணி." கரகரத்த, உடைந்த, ஆனாலும் என்னுடைய குரல்.

"எம்.ஏ. படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்க. இதானா பேசுது?" என்று சிரித்துக்கொண்டே ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார். தண்ணீர் தரவில்லை.

பத்து நாட்களுக்குப் பின் அறிக்கை வந்தது. எடுத்த கணுக்களில் இரண்டில் அந்த உயிரணுக்கள் இருந்தன. நகர்ந்திருக்கிறது. கேள்வியின் முதற்பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. மறுபாதி, எவ்வளவு தூரம் என்பது. அந்த இரண்டு மடைகளோடு நின்றதா, அதைத் தாண்டி நுரையீரல் வரை போயிருக்கிறதா?

அதை அறிவதற்கான வழி எனக்கு வியப்பூட்டியது. உடம்பில் அயோடினைத் தேடித் தேடி உறிஞ்சும் உறுப்பு தைராய்டு. அதன் உயிரணு கழுத்தைவிட்டு எங்கே போய்க் குடியேறினாலும், பெரும்பாலும் அந்தப் பசி அதற்குப் போகாது. நுரையீரலில் போய் உட்கார்ந்தாலும் அதை நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லமாட்டார்கள். தைராய்டு என்றே சொல்வார்கள். ஆகவே கதிரியக்கம் உள்ள அயோடினைக் கொடுத்தால், ஒளிந்திருப்பவை அதை ஆவலோடு உண்டு, உண்டதாலேயே அழியும். உண்ட இடமும் படத்தில் தெரியும். தமிழில் பெயர் என்றால் நாமம்; பெயர் என்றால் இடம்விட்டு நகர்வதும்தான். இரண்டும் ஒரே ஒலியில் இருப்பதை அத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். எவ்வளவு பெயர்ந்தாலும் அதற்குப் பெயர் மாறவில்லை.

அந்தப் பசியைக் கூட்டுவதற்காகச் சில வாரம், எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தந்துவந்த தைராய்டு மாத்திரையை நிறுத்தினார்கள். உடம்பின் வேகத்தை முடுக்கும் சுரப்பு இல்லாமல் போனதும் நான் மெதுவானேன். குளிர்ந்தது. ஒரு வாக்கியத்தின் எழுவாயிலிருந்து பயனிலைக்குப் போய்ச் சேர வெகு நேரம் பிடித்தது. முற்றத்துக் கொடிக்கயிற்றில் துணி அசைவதை ஒரு முற்பகல் முழுவதும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். துயரம் என்று சொல்ல முடியாது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து மேலே நடப்பதைப் பார்ப்பது போன்ற ஒரு நிலை.

சாப்பாட்டிலும் அயோடின் கூடாது. மீன், முட்டை, பால் இல்லை. அயோடின் சேர்க்காத உப்புக் கிடைத்தால் போடலாம் என்றார்கள். அம்மா எந்தப் பொட்டலத்தையும் நம்பவில்லை, உப்பையே நிறுத்திவிட்டாள். புளியும் மிளகும் வைத்துச் சமாளித்தாள். நான்காவது நாள்தான் கவனித்தேன்: வீட்டில் ஒரே குழம்புதான் கொதித்தது. வெயிலில் வேர்வை சிந்திவிட்டு வருகிற அப்பா அதே உப்பில்லாத குழம்பைச் சோற்றில் பிசைந்து உண்டு எழுந்தார்.

"உங்களுக்குத் தனியா உப்புப் போட்டுக்கங்கப்பா."

"எனக்கு பிரஷர் வருதுன்னு டாக்டர் சொன்னாக" என்றார்.

எந்த டாக்டரும் சொல்லவில்லை.

மதுரையில் கதிரியக்க மருந்து தரும் மருத்துவமனை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்போதே அம்மா செபமாலையை உருட்டத் தொடங்கிவிட்டாள். மருந்து விழுங்கிய பிறகு, என் உடம்பிலிருந்தே கதிர் வீசும் என்பதால், தனியறையில் இருக்க வேண்டும். யாரும் உள்ளே வரக்கூடாது. உள்ளே போகும் பொருளும் உடனே வெளியே வராது. பூட்டி வைத்து, அதன் வீரியம் அடங்கிய பிறகுதான் தருவார்கள். அம்மா வாசலில் வாங்கிய பிளாஸ்டிக் செபமாலை ஒன்றை எனக்கென்று வைத்திருந்தாள். கதவு மூடும் நேரத்தில் அதைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தன்னுடைய பழைய மரமாலையை என் கையில் திணித்தாள்.

"இது திரும்ப வர நாளாகும்மா."

"வரட்டும் மெதுவா. நீ மொதல்ல வா."

ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். வலியில்லை, சுவையில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். சாப்பாடு கதவருகே வைக்கப்படும். வைத்தவரின் கை மட்டும் தெரியும். எனக்குள் எங்கேயோ, எத்தனை என்று தெரியாத சில உயிரணுக்கள் அந்நிய இடத்தில் அமர்ந்து, தம் வீட்டுச் சாப்பாடு வந்துவிட்டது என்று கை நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. தினமும் மாலை நான்கு மணிக்கு அப்பா கீழே வேப்பமரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார். கையசைக்கமாட்டார். பந்தலில் கொத்துப் பார்க்கிற அதே பார்வை. நான் ஜன்னலில் தெரிந்ததும் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போவார்.

தனியறையிலிருந்து விட்டபின் சில நாட்கள் கழித்துப் படம் எடுத்தார்கள். அதை முதலில் கையில் வாங்கியவர் அப்பா. வெள்ளைத் தாளில் என் உடல் சாம்பல் நிழலாக நின்றது, அதன்மேல் கரும்புள்ளிகள். வாய்ப்பக்கம், கழுத்து, வயிறு, அடிவயிறு. அப்பாவின் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இறங்கியது.

"இத்தன எடத்துலயா ஆத்தா?" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பந்தலில் நான் சொன்ன வாதமெல்லாம் அந்த நொடியில் எனக்கே பொய்யாகத் தெரிந்தது. அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகத்தை மட்டும் பார்த்தாள்.

மருத்துவர் உள்ளே அழைத்தார். அப்பா தாளை மேசையில் வைத்தார், விரலை எடுக்காமல். மருத்துவர் பேனா முனையால் ஒவ்வொரு கறுப்பாகப் பெயர் சொன்னார். "இது உமிழ்நீர்ச் சுரப்பி. அயோடினைக் கொஞ்சம் எடுக்கும், எல்லாருக்கும். இது இரைப்பை. இது குடல். இது சிறுநீர்ப்பை, வெளிய போற வழி. நோய்க்குச் சம்பந்தப்பட்டது இந்த ஒன்னுதான்: கழுத்துல, எடுத்த எடத்துல மிச்சம் ஒட்டியிருந்தது. அதைத்தான் மருந்து சாப்பிட்டுட்டு இருக்கு." பேனா மார்பின் மேல் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல். "நுரையீரல் சுத்தம்."

அப்பா குனிந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். எந்தப் புள்ளியையும் அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

இப்போது மாத்திரையைத் தினமும் காலையில் விழுங்குகிறேன். வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை ரத்தத்தில் ஒரு புரதத்தை அளப்பார்கள். தைராய்டு உயிரணு மட்டுமே செய்யக்கூடிய புரதம் அது. எங்காவது ஒன்று மிஞ்சி வளர்ந்தால் அநேகமாக அதைக் கொண்டு தெரிந்துவிடும். குரல் திரும்பிவிட்டது, மேலே போகையில் மட்டும் ஒரு சிறு கரகரப்பு. மரமாலையும் வந்து சேர்ந்தது. உப்புப் போட்ட முதல் குழம்பை அப்பா என்னைவிட வேகமாக உண்டார்.

சென்ற வாரம் பந்தலில் அடுத்த கவாத்து. வெட்டிய குச்சிகளை வரப்பில் விடாமல் அப்பா உடனுக்குடன் பொறுக்கி ஒதுக்குவதைக் கவனித்தேன். முன்பெல்லாம் அவர் அப்படிச் செய்ததில்லை. நான் பார்ப்பதைப் பார்த்து, "வழியில கெடந்தா காலைக் குத்துது" என்றார்.

வாய்க்கால் ஓரம் போனபோது, பழைய கவாத்தில் விழுந்த குச்சியொன்று இரண்டு இலை விட்டு நின்றது. குனிந்து பார்த்தேன். சேற்றுக்குள் வெண்மையான மெல்லிய வேர்கள் முன்னே படர்ந்து பற்றியிருந்தன.

"அப்பா, இங்கன ஒன்னு வேர் விட்டிருக்கு!" கூப்பிட்டது பந்தலின் மறுகோடி வரை கேட்டது. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

வந்தார். பார்த்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ரகம்ப்பா?"

"பன்னீரு. நம்ம கொடியில விழுந்தது தான? எங்கன போயி வேர் விட்டாலும் அது பன்னீருதான்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "பிடுங்கிருவமா?"

நானே பிடுங்கினேன். கடைசி வேர் மட்டும் பிடி விடாமல் நீண்டு, சட்டென்று விட்டது.